நான் திறக்காத இரண்டாவது குப்பி

தம்பி,

இங்கே நானும் உன் அம்மாவும் சுகம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். எழுதினால் முதல் வரியே பொய்யாகிவிடும். உன் அம்மா காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. நான் வீட்டில் உட்கார முடியாமல் குற்றாலம் ரோட்டில் இரண்டு தடவை நடந்து திரும்பினேன். இரண்டாவது தடவை சாரல் பிடித்துக்கொண்டது. நனைந்த சட்டையை மாற்றக்கூடத் தோன்றாமல் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். முப்பத்தொரு வருஷம் போலீஸில் நான் எழுதியதெல்லாம் அடுத்தவன் செய்த தப்பைப் பற்றித்தான். அதெல்லாம் மளமளவென்று வரும். என் தப்பை எழுத உட்கார்ந்தால் நாலு வரிக்கு ஒரு தடவை எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கிறேன். கையெழுத்து அப்படி இப்படி இருந்தால் பொறுத்துக்கொள்.

வியாழக்கிழமை நீ உன் அம்மாவிடம் போனில் பேசியதை நானும் கேட்டேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நான் பக்கத்தில் இருந்தது உனக்குத் தெரியாது. திங்கட்கிழமை ஆராய்ச்சியை விடுவதாக எழுதிக் கொடுக்கப் போகிறாய் என்றும், அடுத்த மாதம் பெங்களூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சேரப் போகிறாய் என்றும் சொன்னாய். "அஞ்சு வருசம் கஷ்டப்பட்டுப் படிச்சத அப்படியே போட்டுட்டா போவ?" என்று உன் அம்மா கேட்டாள். "என் கைக்கு இந்த வேல ஒத்துவரலம்மா. ஒரு குப்பிய ஒழுங்கா அடைக்கத் தெரியாதவன் அந்த லேப்ல இருந்து என்ன செய்ய?" என்று நீ சொன்னாய். ஏதோ கடைக்குப் போய் வருகிறேன் என்பது போலச் சாதாரணமாகச் சொன்னாய். நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ ஆராய்ச்சிக்காக வெளிநாட்டுக்குக் கொண்டுபோன பொடியில் ஈரம் ஏறியது உன் கையால் இல்லை. குப்பியைத் திறந்தது நான். நீ அடைத்தது சரியாகத்தான் அடைத்திருந்தாய். ஏன் திறந்தேன், திறந்து என்ன செய்தேன், இத்தனை நாள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதையெல்லாம் கீழே எழுதுகிறேன். கோபம் வந்தால் நடுவில் நிறுத்திவிடாதே. கடைசிப் பக்கத்தில் உனக்கு வேண்டியது ஒன்று இருக்கிறது.

அது ஆடி மாதம். வெளிநாட்டில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் உன் பொடிக்குள் நியூட்ரான் பாய்ச்சிப் பார்க்க உனக்கு நான்கு நாள் ஒதுக்கியிருந்தார்கள். அந்த நான்கு நாளுக்கு நீ எத்தனை மாதம் காத்திருந்தாய் என்பது எனக்குத் தெரியும். போனில் வேறு பேச்சே இருக்காது. திருவனந்தபுரத்திலிருந்து விமானம் என்பதால் போகிற வழியில் இரண்டு நாள் வீட்டுக்கு வந்தாய். வந்தவனைப் பார்த்தால் ஆளே பாதியாக இருந்தாய். கண் சிவந்து கிடந்தது. ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறாய். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து பாதியில் எழுந்து போகிறாய். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் ஜன்னலைப் பார்க்கிறாய். எல்லாவற்றுக்கும் மேலே, வந்ததும் வராததுமாக அம்மாவிடம், "என் கறுப்புப் பைய மட்டும் யாரும் தொடாதீங்க" என்று சொன்னாய். தொடாதே என்று சொன்ன பையைத் தொடாமல் விட்ட பழக்கம் எனக்குக் கிடையாது, தம்பி. அப்போது ஓய்வு பெற ஆறு மாதம் இருந்தது. புளியறை செக்போஸ்டில் ஏட்டாக இருந்தேன். மாணவர்கள் பையில் போதைப்பொடி போகிறது, கவனமாகப் பாருங்கள் என்று மேலே இருந்து சொல்லிக்கொண்டே இருந்த காலம் அது.

மறுநாள் மத்தியானம் நீ உன் கூட்டாளிகளோடு ஐந்தருவிக்குக் குளிக்கப் போனாய். அம்மா கோவிலுக்குப் போயிருந்தாள். எனக்கு அன்றைக்கு வாரவிடுப்பு. பையைத் திறந்தேன். உள்ளே துணியில் சுற்றி, வெளியிலிருந்தே உள்ளே தெரிகிற மாதிரி இரண்டு பிளாஸ்டிக் டப்பா இருந்தது. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி, அதைச் சுற்றிலும் கடுகைவிடப் பெரிய நீல மணிகள். குப்பிக்குள் வெள்ளைப் பொடி. கூடவே உன் நிறுவனத்துக் கடிதம், ஆராய்ச்சிக்கான பொருள் என்று முத்திரையும் கையெழுத்துமாக இருந்தது. வேறு அப்பனாக இருந்தால் அந்தக் கடிதத்தைப் பார்த்ததும் பையை மூடியிருப்பான். எனக்கு அதைப் பார்த்த பிறகுதான் சந்தேகம் கூடியது. காகிதமெல்லாம் கச்சிதமாக வைத்திருக்கிறவனைத்தான் நாங்கள் ஓரமாக நிறுத்திச் சோதிப்போம்.

உன்னிடமே கேட்டிருக்கலாமே என்று நீ நினைப்பாய். கேட்கத் தெரியவில்லை. நீ ஒன்பதாவது படிக்கும்போது நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். தரையில் மூன்று திசைகாட்டியை முக்கோணமாக வைத்து, அதன் ஊசிகளை நெருக்கி நெருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாய். பள்ளிக்கூட லேபில் திருடியது என்று நானே முடிவு கட்டினேன். யூனிபார்மோடு உன் சட்டைக் காலரைப் பிடித்துத் தலைமையாசிரியர் அறைக்கு இழுத்துப் போனேன். பையன்கள் எல்லாம் வராந்தாவில் வரிசையாக நின்று பார்த்தார்கள். உன் அறிவியல் வாத்தியார் ஓடிவந்து, "ஏட்டையா, நான்தான் குடுத்தனுப்பினேன். பையன் ஆசையா கேட்டான்" என்றார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். உன்னிடம் கேட்கவில்லை. உன்னைப் பைக்கில் ஏற்றி வீட்டுக்கு ஓட்டி வந்தேன். நீ பின்னால் என்னைப் பிடிக்காமல் கேரியரைப் பிடித்துக்கொண்டு வந்தாய். ஒரு தடவை அவமானப்பட்டதால், இந்தத் தடவை ஆதாரத்தோடு கேட்போம் என்று நினைத்தேன். போலீஸ் புத்தி அப்படித்தான் ஓடும்.

ஒரு குப்பியின் மூடியைச் சுற்றியிருந்த ஜவ்வு மாதிரி டேப்பை நகத்தால் பிரித்தேன். முகர்ந்து பார்த்தேன், வாசனை இல்லை. விரலில் தேய்த்தேன், பிசுபிசுத்தது. வெளிச்சம் போதாமல் ஜன்னல் பக்கம் கொண்டு போனேன். ஒரு சிட்டிகை எடுத்துக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பைக்கை எடுத்தேன். புளியறையில் எங்கள் செக்போஸ்டில் பொடியைச் சோதிக்கிற மருந்து இருந்தது. அங்கே டூட்டியில் இருந்த கான்ஸ்டபிளிடம், ரோட்டில் கிடந்தது என்று சொல்லிக் கொடுத்தேன். அவன் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தான். நிறம் மாறவில்லை. "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, எவனோ மாவு கட்டி வச்சிருக்கான். லீவு நாள்லயும் விட மாட்டேங்கிதியளே" என்று சிரித்தான். அங்கே இருந்த பெஞ்சில் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரு டீ குடித்தேன். மனசு லேசாகி, ரோட்டோரக் கடையில் உனக்குப் பிடித்த புரோட்டாவும் கோழியும் கட்டச் சொல்லி வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்தால், குப்பி ஜன்னல் திட்டில் திறந்தபடியே இருந்தது. நான் போன அவசரத்தில் மூட மறந்திருக்கிறேன். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருக்கும். சாரல் உள்ளே அடித்து ஜன்னல் கம்பியெல்லாம் துளி துளியாக நின்றது. பொடி கொஞ்சம் கட்டி தட்டியிருந்தது. அவ்வளவுதானே என்று தீக்குச்சியால் கிளறிவிட்டேன். டப்பாவில் இருந்த நீல மணிகள் வெளிறி ரோஸ் நிறமாகத் தெரிந்தன. வெளிச்சத்தில் அப்படித் தெரிகிறது என்று நினைத்தேன். பையிலேயே மிச்ச டேப் இருந்தது. அதே சுற்று, அதே இழுப்பு. லாரிச் சரக்கின் சீலைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப ஒட்டினால் முதலாளிக்கே தெரியாது என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தத் திறமையையெல்லாம் உன் குப்பியில் காட்டினேன். இன்னொரு குப்பியைத் தொடவில்லை. தொடத் தேவையும் இல்லை, ஒன்று சுத்தம் என்றால் இரண்டும் சுத்தம்.

நீ தலை துவட்டிக்கொண்டே வந்து புரோட்டாப் பொட்டலத்தைப் பார்த்தாய். "என்னப்பா, இன்னைக்கி திடீர்னு பாசம்?" என்றாய். உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அன்றைக்கு நீ என்னிடம் பேசியது போல அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசவில்லை. உன் வேலையைப் பற்றி நான் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தாய்.

"மூணு குட்டி காந்தம்னு வச்சுக்கோங்கப்பா. ஒவ்வொண்ணும் பக்கத்துல இருக்கதுக்கு நேர் எதிரா நிக்கணும்னு பிடிவாதம் பிடிக்கும். ஒண்ணு மேல பாக்குது, அடுத்தது கீழ பாக்குது. முக்கோணத்துல மூணாவது எங்கிட்டுப் பாக்கும்?"

எனக்கு உடனே பிடிபட்டது. "இது எங்க செக்போஸ்ட் டூட்டியில்லாலே" என்றேன். எங்களிடம் மூன்று கான்ஸ்டபிள் இருந்தார்கள். ஒருத்தனுக்கு ஒருத்தன் ஆகாது. இருப்பதோ பகல் டூட்டி, ராத்திரி டூட்டி என்று இரண்டே இரண்டு. யாரை எங்கே போட்டாலும் ஆகாத இரண்டு பேர் ஒன்றாக வந்துவிடுவார்கள். வாராவாரம் பட்டியலை அடித்து அடித்து எழுதுவேன். இதைச் சொன்னதும் நீ சிரித்த சிரிப்பில் உனக்குப் புரையேறிவிட்டது. "எங்க புரபசர் ஒரு மணி நேரம் போர்டுல எழுதினத ஒரு வார்த்தையில சொல்லிட்டியளே" என்றாய். உன் பொடியில் ஒரு சிட்டிகைக்குள் அப்படிக் கோடிக்கணக்கான முக்கோணம், ஒவ்வொரு காந்தமும் பல முக்கோணத்தில் மாட்டிக்கொண்டிருக்கும் என்றாய். மற்றப் பொருளெல்லாம் குளிரக் குளிர அணிவகுப்பு மாதிரி ஒழுங்காக நின்றுவிடுமாம். இது எத்தனை குளிரிலும் அடங்காமல் அலைந்துகொண்டே இருக்குமோ என்று நீ சந்தேகப்பட்டாய். "அடங்காம கெடக்கதப் பாத்து உனக்கு என்னலே ஆகப்போவுது?" என்று கேட்டேன். "நெசமாவே அடங்கலையா, இல்ல ஓரத்துல எங்கயாவது உறைஞ்சு போச்சான்னு தெரியணும்பா. நெசமா அடங்கலேன்னா அது புது மாதிரி ஒரு நிலை. பாத்தவங்க ரொம்பக் கொறச்சல்" என்றாய்.

"எப்படிப் பாப்ப?" என்றேன். அதற்கு நீ சொன்ன பதில் இன்றுவரை என் காதில் இருக்கிறது. நியூட்ரானுக்கு மின்சாரம் கிடையாது, அதனால் அங்கே பொடியை மாற்றி வைக்கிற கூட்டின் அலுமினியச் சுவரை லட்சியம் செய்யாமல் உள்ளே போய்விடும். ஆனால் அதுவே ஒரு பொடிக் காந்தம். உள்ளே அலைகிற காந்தங்களில் பட்டு வெளியே வரும்போது எந்தப் பக்கம் திரும்புகிறது, எவ்வளவு வேகம் மாறுகிறது என்று பார்த்தால் உள்ளே நடப்பது தெரிந்துவிடும் என்றாய். "மூடியத் தொறக்கவே வேண்டாம்பா. உங்க செக்போஸ்ட்டுக்கு ஒண்ணு வாங்கிப் போட்டா ஒரு சீலையும் ஒடைக்க வேண்டாம்" என்றாய். நான் கோழியை எடுத்து உன் இலையில் வைத்தேன். அப்போதும் எனக்கு நான் செய்தது என்ன என்று தெரியாது. ஆனாலும் உன் முகத்தைப் பார்க்கக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

மறுநாள் கிளம்பும்போது ஒரு டப்பாவை அம்மாவிடம் கொடுத்து, "இது இங்கன பீரோல இருக்கட்டும். ஏர்போர்ட்ல ஒண்ணப் பிடிச்சு வச்சுட்டான்னா இன்னொண்ணு வேணும்" என்றாய். அவள் அதைப் பட்டுச்சேலைக்கும் பாச்சா உருண்டைக்கும் நடுவில் வைத்தாள். நீ கொண்டுபோனது நான் திறந்தது. அது தற்செயல்தான். இரண்டில் எதை வேண்டுமானாலும் நீ எடுத்திருக்கலாம். அதை நினைத்து நினைத்து எத்தனையோ மத்தியானம் எனக்குத் தூக்கம் போயிருக்கிறது.

மூன்று வாரம் கழித்து நீ போன் செய்தாய். "ஈரம் ஏறிட்டுப்பா" என்றாய். தண்ணீரில் இருக்கிற ஹைட்ரஜன் நியூட்ரானைக் கண்டபடி சிதறடித்துவிடும் என்று விளக்கினாய். "சாரல்ல செங்கோட்டை ரோட்டுல ஹெட்லைட் போட்டா முன்னால வெள்ளையாத்தான தெரியும், ரோடு தெரியாதுல்லா. அப்படித்தான் எனக்கு நாலு நாளும் தெரிஞ்சுது" என்றாய். டப்பாவைத் திறக்கும்போதே நீல மணிகள் ரோஸ் நிறமாக இருந்தனவாம். உலர்ந்திருந்தால் நீலம், ஈரம் பட்டால் ரோஸ். அவசரத்தில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டாய். "நான் அடைச்சதே சரியில்ல. ரெண்டையும் ஒரே நாள்ல, ஒரே கையாலதான் அடைச்சேன். மொத்தமும் போச்சு. வீட்ல இருக்கதையும் தூக்கிப் போட்டுருங்க" என்றாய். நான் "சரி" என்றேன். தம்பி, அந்த நேரத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஜன்னல், சாரல், மணிகள், கட்டி தட்டிய பொடி எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. "சரி" என்ற ஒரு வார்த்தைதான் என் வாயிலிருந்து வந்தது.

போனை வைத்துவிட்டு நேரே பீரோவைத் திறந்தேன். அம்மா வைத்த டப்பாவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே அத்தனை மணியும் நீலம். ஒரு மணிகூட மாறவில்லை. உன் கை அடைத்தது உன் கை அடைத்தபடியே இருந்தது. நான் உனக்குச் செய்த பெரிய துரோகம் குப்பியைத் திறந்தது இல்லை. அன்றைக்கு அந்த நீல மணிகளைப் பார்த்த பிறகும் உன்னைத் திரும்பக் கூப்பிடாததுதான். கூப்பிட்டு, "லேய், உன் வேல சுத்தம், நான்தான் கெடுத்தேன்" என்று சொல்ல எத்தனை நேரம் ஆகியிருக்கும்?

ஏன் சொல்லவில்லை என்று எனக்கு நானே விசாரணை வைத்துப் பார்த்துவிட்டேன். முதல் காரணம் பயம். ஏன் திறந்தீர்கள் என்று நீ கேட்பாய். உன்னைப் போதைக்காரன் என்று நினைத்தேன் என்று சொல்ல வேண்டும். மறுபடியும் நீ கேரியரைப் பிடித்துக்கொண்டு வருவாய். இரண்டாவது காரணம் அதைவிடக் கேவலம். இந்த ஆராய்ச்சி போனால் போகட்டும், பையன் பரீட்சை எழுதி அரசாங்க வேலைக்கு வந்தால் பக்கத்திலேயே இருப்பான் என்று மனசின் ஓரத்தில் ஒரு கணக்குப் போட்டேன். வேறு யாரிடமும் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அதற்குப் பிறகு நாள் போகப் போக, இனிமேல் சொன்னால் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும் என்று ஒவ்வொரு நாளும் அடுத்த நாளுக்குத் தள்ளினேன்.

அதற்குள் நீ என்னவாகிவிட்டாய் என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு மூடியை நான்கு தடவை சரிபார்க்கிறேன் என்றாய். கையுறைக்குள் கையை விட்டால் விரல் நடுங்குகிறது என்றாய். பொடியைக் கையாளும் வேலையை உன் புரபசர் வேறு ஒருத்தருக்குக் கொடுத்துவிட்டார் என்று அம்மாவிடம் சொன்னாய். பொங்கலுக்கு வந்தபோது கேஸ் சிலிண்டரை மூடியிருக்கிறதா என்று மூன்று தடவை எழுந்து போய்ப் பார்த்தாய். நான் செய்தித்தாளால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்று காலையில் உன் அம்மாவிடம் சொன்னேன். தோசை வார்த்துக்கொண்டிருந்தவள் அடுப்பை அணைத்துவிட்டாள். "பிள்ளையத் திருடன்னு நெனச்சியளா?" என்று கேட்டாள். "போதைக்காரன்னு நெனச்சேன்" என்றேன். "அது மட்டும் நல்லதாக்கும்? ரெண்டு வருசமா இத நெஞ்சுக்குள்ள வச்சுக்கிட்டா என் கையால சோறு வாங்கித் தின்னிய?" என்றாள். பிறகு அழுதாள். போனில் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். "போன்ல நீங்க பாதி சொல்லுததுக்குள்ள அவன் வச்சிருவான். இல்லன்னா நீங்க பாதிய முழுங்கிருவிய. உங்களத் தெரியாதா எனக்கு. உக்காந்து எழுதுங்க" என்றாள். அவள் என்னோடு கடைசியாகப் பேசியது அதுதான்.

உனக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் விசாரணை நடத்திய ஆள் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு பொருள் கெட்டுப்போனால், அதன் பக்கத்தில் வந்த எல்லாரையும் பட்டியல் போட வேண்டும். நீ பொடியைச் சுட்டெடுத்த உலையைச் சந்தேகப்பட்டாய். காற்றுப் படாமல் குப்பியை அடைக்கிற கையுறைப் பெட்டியில் ஓட்டை என்று சந்தேகப்பட்டாய். விமானத்தைச் சந்தேகப்பட்டாய். கடைசியில் உன் கையைச் சந்தேகப்பட்டு அங்கேயே நின்றுவிட்டாய். இரண்டு நாள் பை இருந்த வீட்டை நீ நினைக்கவே இல்லை. அந்த வீட்டில் ஒரு செக்போஸ்ட் போலீஸ்காரன் இருக்கிறான், அவன் உன்னைத் தலைமையாசிரியர் அறைக்கு இழுத்துப்போன ஆள் என்று தெரிந்தும் உன் பட்டியலில் என் பெயர் வரவில்லை. நான் உன்னைச் சந்தேகப்பட்டேன், நீ என்னைச் சந்தேகப்படவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கம்பெனிக்குப் போவதானால் போ. சம்பளத்துக்காகப் போ, ஊர் பிடித்திருந்தால் போ, இந்த வேலை அலுத்துவிட்டால் தாராளமாகப் போ. நான் ஒரு வார்த்தை குறுக்கே சொல்ல மாட்டேன். ஆனால் செய்யாத தப்பை ஒப்புக்கொண்டு போகாதே. செய்யாததை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டவர்களை நான் சர்வீஸில் பார்த்திருக்கிறேன். இரண்டொருவரைப் போட வைத்தும் இருக்கிறேன், அதுவும் உனக்குத் தெரியட்டும். அவர்கள் அதற்குப் பிறகு நிமிர்ந்து நடந்ததை நான் பார்க்கவில்லை. திங்கட்கிழமை நீ எழுதப்போகும் கடிதத்தில் உன் கையைப் பற்றி ஒரு வரி இருந்தால், அதை அடித்துவிடு. உன் புரபசருக்குக் காட்ட ஒரு தனித்தாளில் என் வாக்குமூலம் எழுதிவைத்திருக்கிறேன். தேதி, நேரம், குப்பி எவ்வளவு நேரம் திறந்து கிடந்தது, எங்கே சோதித்தேன் என்பது வரை எல்லாம் இருக்கிறது. நானே எழுதி நானே கையெழுத்துப் போட்ட முதல் வாக்குமூலம்.

இப்போது கடைசி விஷயம். அந்த இரண்டாவது டப்பாவை நான் தூக்கிப் போடவில்லை. தூக்கிப் போட்டுவிட்டேன் என்று அம்மாவிடம் பொய் சொல்லி, என் பழைய யூனிபார்ம் பெட்டியில் வைத்தேன். இரண்டு ஆடிச் சாரல் போய்விட்டது, இது மூன்றாவது. வாரத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்ப்பேன். இன்று காலையிலும் பார்த்தேன். மூடிக்குப் பக்கத்தில் இரண்டே இரண்டு மணி வெளிறியிருக்கிறது, மற்றதெல்லாம் நீலம். உள்ளே பொடி உதிரியாக ஓடுகிறது. அது இன்னும் உன் வேலைக்கு ஆகுமா என்று எனக்குத் தெரியாது. ஆகாமலே போகலாம். ஆனால் இரண்டு வருஷம் ஈரத்தை உள்ளே விடாமல் அடைத்த கை எப்படிப்பட்ட கை என்பதை உன் புரபசர் அந்த மணிகளைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

இந்தப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து இன்றே உன் போனுக்கு அனுப்புகிறேன். டைப் அடிக்க எனக்கு வராது. டப்பாவைப் படம் எடுத்து அனுப்ப மாட்டேன், கூரியரிலும் போட மாட்டேன். நாளை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தென்காசியில் ரயில் ஏறுகிறேன். திங்கட்கிழமை காலை எழும்பூரில் இருப்பேன். நீ வந்து நின்றால் கையில் கொடுக்கிறேன். வராவிட்டால் ஆட்டோ பிடித்து உன் லேப் வாசலுக்கு வருகிறேன். பேச வேண்டாம் என்றால் கொடுத்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பிவிடுகிறேன். உன் அம்மா வழிக்கு இட்லி கட்டித் தருவாளா என்பது இன்னும் தெரியவில்லை.

ஒன்றே ஒன்றுதான் யோசனையாக இருக்கிறது. ஸ்டேஷனிலோ ரயிலிலோ என்னைப் போல ஒரு போலீஸ்காரன் வருவான். மடியில் டப்பாவைப் பிடித்துக்கொண்டு தூங்காமல் உட்கார்ந்திருக்கிற கிழவனைப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வரும், அவனுக்கு வராமலா இருக்கும்? "பெரியவரே, உள்ள என்ன, தொறங்க" என்பான். உன் நிறுவனத்துக் கடிதம் என்னிடம் இல்லை. வாக்குமூலத்தைத்தான் எடுத்துக் காட்டுவேன். "இதுல எல்லாம் எழுதியிருக்கேன் தம்பி, உக்காந்து படிங்க. ஒண்ணத் தொறந்தவன் நான்தான். இது என் மவன் அடைச்சது, இத அவன்தான் தொறக்கணும்" என்று சொல்வேன்.

அப்பா